சூடோமோனாஸ் தெளித்தும் குலைநோய் நிற்கவில்லையே, ஏன்?

பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிறவர். போன நவரையில் கதிர் வந்த நேரத்தில் குலைநோய் விழுந்தது. விதைக்கும்போது வாங்கி மோட்டார் கொட்டகையில் வைத்திருந்த சூடோமோனாஸ் பவுடரைக் கரைத்துத் தெளித்தார். நிற்கவில்லை. நான்கு நாள் கழித்து மீதிப் பவுடரோடு காப்பர் மருந்தையும் கலந்து அடித்தார். அதுவும் கேட்கவில்லை. அறுத்தபோது பாதிக்கு மேல் பதர்.

மகன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார். நிலத்தைக் கரம்பாக விட்டுவிடலாம் என்பது அவர் பேச்சு. வீட்டுக்காரம்மாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு அரிசியும் இரண்டு மாட்டுக்கு வைக்கோலும் அந்த நிலத்திலிருந்துதான் வருகின்றன. நுண்ணுயிர் மருந்து என்பது உண்மையா, ஏமாற்றா? இந்த நவரைக்கு நாற்று விடலாமா, வேண்டாமா? இவைதான் கடிதத்தில் உள்ள கேள்விகள்.

நாற்று விடலாம். பவுடரும் ஏமாற்று இல்லை. ஆனால் அது நோயை நிறுத்தும் மருந்து அல்ல, நோய்க்கு முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டிய உயிர். விதையிலும் வேரிலும் போக வேண்டியது, கதிர் கருகிய பிறகு போனால் அதற்கு அங்கே வேலை இல்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வந்தது குலைநோய்தானா? கதிர் வெளுத்து நிமிர்ந்து நின்றால் அதைக் குலைநோய் என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். தண்டுத் துளைப்பான் புழு தாக்கினாலும் கதிர் அப்படித்தான் வெளுக்கும். வெளுத்த கதிரைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு சுலபமாக உருவிக்கொண்டு வந்து, அடியில் கடித்த அடையாளம் இருந்தால் அது புழு. கதிர் வராமல், கதிருக்குக் கீழே உள்ள கழுத்துக் கணு கறுத்தோ பழுப்பாகியோ சுருங்கி, அந்த இடத்தில் ஒடிந்தால் அது குலைநோய். புழுவுக்கு சூடோமோனாஸை எத்தனை டேங்க் அடித்தாலும் புழு சாகாது. கடிதத்தில், தை மாதத்திலேயே இலையில் கண் வடிவப் புள்ளிகள் இருந்ததாகவும், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆகவே அவர் வயலில் வந்தது குலைநோய்தான். இலையில் வந்தபோது விட்டுவிட்டு, கழுத்துக்கு ஏறிய பிறகு மருந்து தேடியிருக்கிறார்.

இந்தப் பூசணம் இலைக்குள் நுழையும் விதத்தைத் தெரிந்துகொண்டால் தாமதம் ஏன் ஆகாது என்பது புரியும். நவரையில் மார்கழி, தை இரவுகள் குளிர்ச்சி. இலையில் பனி விடியும்வரை நிற்கும். காற்றில் வந்து விழுந்த பூசண வித்து அந்த ஈரத்தில் முளைத்து, இலைமேல் கறுப்பாக ஒரு சிறு குமிழை உண்டாக்கும். குமிழுக்குள் ஏறும் அழுத்தம் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 40 மடங்கு. அந்த வேகத்தில் ஆணி அடித்ததுபோல் இலைத்தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே புள்ளி தெரிவதற்குச் சில நாள் ஆகும். புள்ளி தெரியும்போது பூசணம் ஏற்கெனவே இலைக்குள் குடியிருக்கிறது. இலைமேல் தெளிக்கும் பாக்டீரியா உள்ளே போய் அதைப் பிடித்து இழுத்து வராது.

அப்படியானால் சூடோமோனாஸ் செய்யும் வேலை என்ன? இதன் முழுப்பெயர் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். புற ஊதா விளக்கொளியில் வைத்தால் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும், அதனால் இந்தப் பெயர். மின்னுகிற அந்தப் பொருள்தான் அதன் ஆயுதங்களில் ஒன்று. மண்ணில் உள்ள இரும்புச் சத்தை அது வளைத்துப் பிடித்துக்கொள்ளும், இரும்பு கிடைக்காமல் பக்கத்தில் உள்ள கெட்ட பூசணம் தவிக்கும். வேரில் கசியும் சர்க்கரையைத் தின்று வேரைச் சுற்றி இடம் பிடிக்கும். சில பூசணங்களை அடக்கும் பொருள்களையும் சுரக்கும். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. வேரில் இந்தப் பாக்டீரியா குடியேறியதும் பயிர் உஷாராகிவிடும். எதிர்ப்புப் பொருள்களை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு நிற்பதால், இலையில் பூசணம் வந்து விழும்போது பதில் வேகமாக வருகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதுபோல என்று சொன்னால் ஓரளவு சரி. அம்மை வார்த்த பிறகு தடுப்பூசிக்கு ஓடி என்ன பயன்?

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் இந்தப் பாக்டீரியாவை டால்க் தூளில் கலந்து விவசாயி கையாளும்படி பவுடராக்கினார்கள். அங்கு தேர்ந்தெடுத்த 'பி.எஃப். 1' என்ற வகைதான் நெல்லுக்குப் பரிந்துரையில் இருக்கிறது. இதை நான்கு கட்டமாகக் கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டம்தான் இலைமேல் தெளிப்பது. பலரும் முதல் மூன்றை விட்டுவிட்டு நான்காவதை மட்டும் செய்துவிட்டுப் பவுடரைத் திட்டுகிறார்கள்.

ஒரு ஏக்கர் கணக்கு இது. குறுகிய கால ரகம் என்றால் ஏக்கருக்கு 24 கிலோ விதை. கிலோவுக்கு 10 கிராம் வீதம் ஏறக்குறைய கால் கிலோ பவுடர் வேண்டும். விதை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர் தண்ணீரில் பவுடரைக் கரைத்து, விதையை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, 24 மணி நேரம் முளைகட்டி விதைக்கலாம். வடித்த நீரைச் சாக்கடையில் கொட்டாமல் நாற்றங்காலில் ஊற்றிவிடலாம். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதில் கரைக்க வேண்டாம். கிணற்று நீர் அல்லது ஏரி நீர் நல்லது.

இரண்டாவது, வேர் நனைப்பு. நடவு வயலின் ஒரு மூலையில் 10 சதுர மீட்டர், அதாவது கால் சென்ட் இடத்தில் சிறு வரப்பு கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு கிலோ பவுடரைத் தூவிக் கலக்க வேண்டும். பறித்த நாற்று முடிகளை வேர் நனையும்படி அதில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்து நட வேண்டும். நான்கு கட்டத்தில் அதிகம் விடுபடுவது இதுதான். நடவு ஆட்கள் கூலிக்கு வந்த நாளில் அரை மணி காத்திரு என்று யாரும் சொல்ல முடியாது என்பதே காரணம். முந்தின மாலையே பாத்தி கட்டி வைத்து, முதல் பறிப்பு நாற்றை முதலில் நனைத்து, பறிப்பும் நடவும் முன்பின்னாக நடந்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் சுற்று வட்டாரத்தில் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள், நடவுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு என்று எந்திர நடவுக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் நாற்றுப் பாயை எடுப்பதற்கு முன் பவுடர் கரைசலைப் பூவாளியால் பாய் நனைய ஊற்றிவிட்டால் வேருக்குப் போய்ச் சேரும்.

மூன்றாவது, நட்ட 30-ஆம் நாள் ஒரு கிலோ பவுடரை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து வயலில் வீச வேண்டும். வயலில் ஈரம் இருக்க வேண்டும், வழிந்தோடும் தண்ணீர் இருக்கக் கூடாது. நான்காவதாக 45-ஆம் நாள், லிட்டருக்கு 5 கிராம் வீதம், ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். 105, 110 நாள் ரகத்தில் இது கதிர் வெளிவருவதற்கு முன்பாக அமையும், கழுத்துக்குக் காவல் அப்போதுதான் தேவை. வெயில் இந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால் மாலை நாலரைக்குப் பிறகு தெளிப்பது நல்லது. களைக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த மோட்டார் கொட்டகை. தகரக் கூரைக்குக் கீழே, மோட்டார் சூட்டில், மூன்று மாதத்துக்கு மேல் பாக்கெட் இருந்திருக்கிறது. சூடோமோனாஸ் வித்து உண்டாக்காத பாக்டீரியா. காய்ச்சலையும் சூட்டையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் வசதி அதற்கு இல்லை. பேசில்லஸ் வகைக்கு அந்த வசதி உண்டு, அதனால் பேசில்லஸ் பவுடர் கொஞ்சம் அதிக நாள் தாங்கும். சூடோமோனாஸ் பாக்கெட்டில் உயிர் எண்ணிக்கை மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். தயாரித்த நான்கு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. வீட்டுக்குள் மண்பானைப் பக்கம் போல நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடம் போதும். கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் பாக்கெட்டைத் தொட வேண்டாம். அவர் தெளித்த பவுடரில் உயிர் எவ்வளவு மிச்சம் இருந்ததோ! இருந்த கொஞ்சத்தையும் காப்பர் மருந்து முடித்திருக்கும். காப்பர் பூசணத்தோடு பாக்டீரியாவையும் கொல்லும் மருந்து. நெருப்பையும் தண்ணீரையும் ஒரே குடத்தில் எடுத்துப் போனதுபோல் ஆகிவிட்டது. ரசாயனப் பூசண மருந்துக்கும் நுண்ணுயிர்க்கும் இடையில் 10, 15 நாள் இடைவெளி வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம், அவை ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

பாக்கெட் வாங்கும்போது மூன்றைப் பார்த்தால் பெரும்பாலும் தப்பலாம். நுண்ணுயிர்ப் பூச்சி, நோய் மருந்துகளும் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும், ஆகவே பதிவு எண் இருக்க வேண்டும். ஒரு கிராமில் எத்தனை உயிர் என்ற எண் இருக்க வேண்டும், சூடோமோனாஸுக்குக் குறைந்தது 10 கோடி, டிரைக்கோடெர்மாவுக்கு 20 லட்சம். தயாரித்த தேதி இருக்க வேண்டும். 'இயற்கை டானிக்', 'எல்லா நோய்க்கும் ஒரே மருந்து' என்று மட்டும் எழுதி மற்றதெல்லாம் இல்லாத பாட்டில்கள் சந்தையில் நிறைய. பில் தராத கடையில் வாங்கினால் பிறகு யாரிடமும் கேட்க முடியாது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருப்பு உள்ளதா என்று முதலில் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. திருவூர், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்கலாம்.

இவ்வளவும் செய்தால் குலைநோய் வராதா என்றால், அப்படி யாரும் உறுதி தர முடியாது. நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகத்தைப் போட்டு, கரும்பச்சையாக நிற்க வேண்டும் என்று யூரியாவைக் கொட்டினால், எந்த நுண்ணுயிரும் தாங்காது. தழைச்சத்து அதிகமானால் இலை மெத்தென்று ஆகும், பூசணத்துக்கு அது விருந்து. யூரியாவைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இலையில் புள்ளி பரவும் நாள்களில் மேலுரம் போடுவதை நிறுத்திவைக்க வேண்டும். அவ்வளவு செய்தும் இலைப்புள்ளி வேகமாகப் பரவினால், கதிர் வரும்வரை காத்திராமல் வேளாண்மை உதவி அலுவலரைக் கேட்டுப் பரிந்துரைத்த ரசாயன மருந்தை ஒருமுறை சரியான அளவில் அடிப்பதில் தவறில்லை. வீட்டு அரிசியைப் பறிகொடுத்துக் கொள்கையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு இல்லை. ஆனால் முதல் மூன்று கட்டத்தையும் ஒழுங்காகச் செய்தவருக்கு அந்த நிலை வருவது குறையும், மருந்துச் செலவும் குறையும். பிள்ளைப்பாக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரி சென்னையின் குடிதண்ணீர். வயலில் குறைகிற ஒவ்வொரு டேங்க் விஷமும் யாரோ ஒருவர் வீட்டுக் குழாய்க்கு நல்லது.

நுண்ணுயிர் நிலைக்க மண்ணில் தீனி வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக் கோதுமை வயல்களில் ஓர் அதிசயம் கண்டார்கள். வேரழுகல் நோய் வந்த வயலில் தொடர்ந்து கோதுமையே போட, சில வருடம் நோய் ஏறி, பிறகு தானாக இறங்கியது. ஆராய்ந்தபோது, வேரைச் சுற்றி சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் பெருகி நோயை அடக்குவது தெரிந்தது. வெளியிலிருந்து யாரும் கொண்டு வந்து போடவில்லை. நல்ல உயிர் எல்லா மண்ணிலும் இருக்கிறது, பெருக விடுவதுதான் நம்மால் ஆகாமல் போகிறது. சிப்காட் வந்த பிறகு நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. உடையவர் எப்போது விற்பார் என்று தெரியாத குத்தகை நிலத்தில் வண்டி வண்டியாகத் தொழு உரம் அடிக்கக் குத்தகைக்காரருக்கு மனம் வராது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு ஏற்றது பசுந்தாள் உரம். சம்பா அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் தண்ணீர் இருந்தால் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். செலவு விதைக்கும் ஓர் உழவுக்கும்தான், பலன் அதே வருடம் கைக்கு வரும். 2024-25-இல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை மானியத்தில் கொடுத்தார்கள். இந்த ஆண்டு இருப்பு என்ன என்பதை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வீட்டுக்கு ஒரு யோசனை. ஒன்றரை ஏக்கரிலும் ஒரேயடியாக நம்பிக்கை வைக்க வேண்டாம். வரப்பு பிரித்த ஓர் அரை ஏக்கரில் நான்கு கட்டத்தையும் செய்து, மீதியை வழக்கம்போல் விட்டுப் பார்க்கலாம். ரகமும் யூரியாவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாசியில் இரண்டையும் மகனே இறங்கிப் பார்த்துச் சொல்லட்டும். கரம்பா இல்லையா என்பதை அதன் பிறகு பேசலாம்.

மற்ற கேள்விகள்

ஒரு கிலோ சூடோமோனாஸை வெல்லத் தண்ணீரில் போட்டு 200 லிட்டராகப் பெருக்கிக்கொள்ளலாம் என்கிறார்களே? (வாலாஜாபாத் வாசகர்)

வெல்லத் தண்ணீரில் எதுவும் பெருகும், சிக்கலே அதுதான். திறந்த டிரம்மில் காற்றிலும் தண்ணீரிலும் உள்ள நூறு வகை உயிர்களோடு போட்டி போட்டு சூடோமோனாஸ்தான் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாள் டிரம்மில் நுரைத்து நாற்றமடிப்பது எது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் கொதிநீராவியில் சுத்தம் செய்த பாத்திரத்தில் தனியாக வளர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மிச்சப்படுத்த வேண்டுமானால் தெளிப்பை விட்டுவிட்டு விதை நேர்த்தியையும் வேர் நனைப்பையும் மட்டும் ஒழுங்காகச் செய்யலாம். ஏக்கருக்கு ஒன்றேகால் கிலோவில் முடிந்துவிடும்.

வேர்க்கடலை முளைத்த பத்தாம் நாளில் செடி வாடிச் சாய்கிறது. பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடியில் கறுப்புத் தூள். என்ன செய்வது? (உத்திரமேரூர் வாசகர்)

கறுப்புத் தூள் இருந்தால் அது கழுத்தழுகல் நோய். விதையிலும் மண்ணிலும் வருவது. சாய்ந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை, பிடுங்கி அழித்துவிட வேண்டும். அடுத்த விதைப்புக்கு டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோ பருப்புக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்க வேண்டும். அதற்கு 15 நாள் முன்பே ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் சாக்குப் போட்டு மூடி வைத்தால் அது உரத்தில் படர்ந்துவிடும். அதைக் கடைசி உழவில் ஒரு ஏக்கருக்குத் தூவலாம். டிரைக்கோடெர்மா ஒரு பூசணம். கார்பென்டசிம் கலந்த விதையில் போட்டால் அந்த மருந்து இதையும் கொன்றுவிடும். தொலி உரிந்த, உடைந்த பருப்பைப் பொறுக்கித் தள்ளினாலே பாதி நோய் குறையும்.

ஆலை ஓரத்து ஓடையில் வரும் தண்ணீர் சில நாள் நிறம் மாறி வருகிறது. நுண்ணுயிர் போட்டு அதைச் சரிசெய்து பாய்ச்சலாமா? (ஒரகடம் பக்கத்து வாசகர்)

கூடாது. சூடோமோனாஸோ டிரைக்கோடெர்மாவோ வயலில் போட்டுக் கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியாது. தண்ணீரில் ஈயம், குரோமியம் போன்ற உலோகம் இருந்தால் அதை எந்த நுண்ணுயிரும் தின்று இல்லாமல் ஆக்குவதில்லை, மண்ணிலேயே தங்கும். உப்பு அதிகமானால் போட்ட நுண்ணுயிரும் பிழைக்காது. நிறம் மாறிய அன்றே மடையை அடைத்துவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நிறையப் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, பாசன நீர் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். அங்கே பார்ப்பது உப்பும் காரத்தன்மையும். உலோகம் உண்டா என்று தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் கொடுப்பதைவிட அதே மடையில் பாய்ச்சுகிற எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது. முடிவு தெரியும்வரை அந்த நீரைக் கீரைக்கும் காய்கறிக்கும் விட வேண்டாம், மாட்டுக்கும் காட்ட வேண்டாம்.